மூட்டையில் அச்சிட்ட புரதம்

கறவை மாட்டுக்குக் கலப்புத் தீவனம் வாங்கும் விவசாயி முதலில் கேட்பது மூட்டை விலை. அடுத்துப் பார்ப்பது மூட்டையில் அச்சிட்ட புரதச் சதவீதம். 20 என்றிருந்தால் நல்ல தீவனம் என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த எண்ணை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குப் பூனைத் தீவனம் ஒரு பாடம்.

அமெரிக்காவில் வீட்டுப் பூனைகளுக்குக் கடையில் விற்கும் உணவையே வாங்கிப் போடுவது வழக்கம். 2007-ஆம் ஆண்டில் அவ்வுணவைத் தின்ற பூனைகளும் நாய்களும் ஏராளமாகச் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. சீனாவிலிருந்து தருவித்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்னும் இரசாயனம் கலந்திருந்ததே காரணம். அது உணவுப் பொருளே அல்ல. பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவுவது.

இதை ஏன் கலந்தார்கள்? ஆய்வகத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரே அளப்பதில்லை. தழைச்சத்தை அளந்து, 6.25 ஆல் பெருக்கி, 'கச்சாப் புரதம்' என்று குறிக்கிறார்கள். மெலமினில் 100-க்கு 66 பங்கு தழைச்சத்து. சிறிது கலந்தாலே புரதக் கணக்கு ஏறிவிடும். பூனையின் உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

நம் ஊர் மாட்டுத் தீவனத்தில் இதே கணக்கு யூரியாவால் ஏறக்கூடும். யூரியாவில் 46 சதம் தழைச்சத்து. 100 கிலோ தீவனத்தில் 1 கிலோ யூரியா சேர்ந்தால் கச்சாப் புரதம் ஏறத்தாழ 3 சதம் கூடுதலாகக் காட்டும்.

யூரியா மெலமினைப் போன்றதன்று. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள், போதிய மாவுச்சத்து இருந்தால், அதைப் புரதமாக மாற்றித் தரும். தீவனச் செலவும் குறையும். ஆனால் அளவு மீறினால் அம்மோனியா நஞ்சாகி மாடு விழுந்துவிடும். அசைபோடப் பழகாத இளங்கன்றுக்கு அதனால் பயனில்லை, கேடுதான். தீவனத்தில் யூரியா 1 சதத்துக்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆகவே, யூரியாவைச் சேர்ப்பது குற்றமன்று. சொல்லாமல் சேர்ப்பதே குற்றம். பிண்ணாக்கின் விலையைக் கொடுத்து யூரியாவை வாங்கும்படி விவசாயியை விடலாகாது. மொத்தப் புரதம் எவ்வளவு, அதில் யூரியாவால் வருவது எவ்வளவு என்று மூட்டையில் தனித்தனியே அச்சிட வேண்டும்.

அதுவரை விவசாயிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரு மாதிரியை அனுப்பும் செலவு ஆளுக்குச் சிறிதே ஆகும். புரதத்தோடு யூரியாவையும் சோதிக்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். வந்த முடிவைச் சங்கப் பலகையில் ஒட்டிவிட்டால், அடுத்த மூட்டையைக் கடைக்காரர் கவனமாகவே தருவார்.