பழையதுக்கும் ஒரு பந்தி

ஜப்பானில் அரிசியைப் புளிக்கவைத்து 'ஸாகே' என்ற மது தயாரிக்கிறார்கள். மிக உயர்ந்த ரகத்துக்கு அரிசியில் பாதியையாவது தீட்டித் தள்ளிவிடுகிறார்கள். அதைக் குளிரவைத்து, சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஒருவருக்கொருவர் வார்த்து, மீனோடு ரசித்துப் பருகுவது அவர்கள் உபசாரம்.

மது நமக்கு வேண்டாம். நம் கீரனூர்ப் பக்கத்து நீராகாரமும் சோறு புளித்துக் கிடைப்பதுதானே! ஆனால் அதன் கதி என்ன? எல்லோருக்கும் இட்லி பரிமாறிவிட்டு, அடுக்களை மூலையில் அம்மா மட்டும் குடிப்பது!

சகோதரிகளே, இரவு சாதம் ஆறியதும் மண்சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். கோடையில் எட்டு மணி நேரம் போதும். அதிகமானால் புளிப்பு மிஞ்சிவிடும். காலையில் உப்பும் மோரும் கலந்து, சின்ன வெங்காயம், மோர்மிளகாயுடன் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறுங்கள். முதல் டம்ளர் உங்களுக்கு!