டோலி தூக்கியவன் பேர் என்ன?

திண்டிவனத்தில் ஒரு கூட்டம். முதலுதவித் தொண்டைப் பற்றிப் பேச வந்தவர், 1899இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையை எடுத்துக்கொண்டு உருகினார். டாக்டர் பூத் பயிற்சி கொடுத்தாராம். வணிகர்கள் தொண்டர்களின் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் பணமும் பொருளும் தந்தார்களாம். எல்லாம் உண்மைதான். கைதட்டினோம், நானும் தட்டினேன்.

விழுப்புரம் திரும்புகிற பஸ்ஸில்தான் உறைத்தது. டோலிய யாரு தூக்குனது?

காந்தியே எழுதி வைத்திருக்கிறார். படையில் ஏறத்தாழ 1,100 பேர். தலைவர்கள் 40 பேருக்குள். சுதந்திர இந்தியர்கள் சுமார் 300. மிச்சம் 800 பேரும் ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்ட சிப்பாயைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள். 1900 ஜனவரியில் ஸ்பியான் கோப் சண்டையின்போது குண்டு விழுகிற எல்லைக்குள்ளேயே போயிருக்கிறார்கள். பிறகு போர்ப் பதக்கம் வந்தது. யாருக்கு? தலைவர்களுக்கு.

அந்த 800 பேர் யார்? 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போனது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அதில் நம்ம சேரி ஜனங்களும் உண்டு. செத்த மாட்டையும் பிணத்தையும் தூக்கச் சொல்லி ஊர் விதித்த தோள் அது. இங்கே தூக்கினால் வெட்டியான் வேலை. அங்கே தூக்கினால் இன்னொருத்தருடைய தேச சேவை! தோழர்களே, இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? நான் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். கையெழுத்தோ கைநாட்டோ இல்லாமல் அங்கே ஒரு ரூபாய்கூடக் கை மாறாது.

பிரபு சிங் பேர் மட்டும் தப்பித்தது என்பார்கள். லேடிஸ்மித் முற்றுகையில், பீரங்கி வெடிக்கிறபோதெல்லாம் மணியடித்து எச்சரித்த கூலி அவர். கர்சன் பிரபு அங்கி அனுப்பினார், பேர் நின்றது. துரை அங்கி அனுப்பாதவனுக்குப் பேரே கிடையாதா?

அவர்களுக்குக் கிடைத்ததைக் கேளுங்கள். 1895இல் நேட்டால் போட்ட சட்டப்படி, அதற்குப்பின் ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்தும் ஊர் திரும்பாதவன் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டணும். 1914 வரை அந்த வரி இருந்தது.

காந்தியைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றார்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் நானே தடுமாறுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்க ஆயாவிடம் கேட்டேன். "எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தன் கப்பலேறிப் போனானாம், திரும்பலியாம்" என்றது. பேரு? "அதெல்லாம் யாருக்குடா தெரியும்?"

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நேட்டால் கப்பல் பட்டியல்கள் அழியவில்லை. ஒவ்வொரு கூலிக்கும் பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம் தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன். ஆய்வுப் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிற மாணவத் தோழர்கள் தென்னாற்காடு என்று எழுதிய வரிகளிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் படியெடுக்க நான் வருகிறேன்.