உகப்பாக்கத்தை அணைப்பது தீர்வன்று

புணே மாவட்டத்துச் சாகண் தொழிற்பகுதியில் உருவாகும் கார்களின் எஞ்சினையும் பிரேக்கையும் ஆள்பவை சின்னஞ்சிறு கணினிகள். அத்தகைய கணினிகளுக்கான நிரல்களில் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டு, கம்பைலர் வழியே இயந்திர மொழியாகிறது. நாளை அவற்றை எழுதப்போகும் மாணவர்க்கு இயங்குதள ஆய்வகங்கள் பல கற்றுத்தருவது என்ன? கெர்னல் முடங்கினால் உகப்பாக்கத்தை அணைத்துவிடு. எச்சரிக்கை வந்தால் ஒடுக்கிவிடு. அதற்கும் மசியாவிட்டால் கம்பைலர்மீது பழியைப் போடு. இது கல்வியன்று, பிழையை மூடிவைக்கும் பயிற்சி.

லினக்ஸ் கெர்னலின் 'டன்' என்னும் வலையமைப்பு டிரைவரில் 2009இல் வெளிப்பட்ட பிழையைக் காண்க. ஒரு சுட்டியின் வழியே மதிப்பை எடுத்த பிறகே, அது வெற்றுச் சுட்டியா என்று நிரல் சோதித்தது. வெற்றுச் சுட்டியைப் பின்தொடர்வதன் விளைவைச் சி மொழி வரையறுக்கவில்லை. ஆகவே, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட சுட்டி வெற்றாக இருக்க இயலாது என்று முடிவுசெய்த ஜிசிசி, அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. விளைந்தது, கெர்னலைக் கைப்பற்ற வழிவிடும் பாதுகாப்பு ஓட்டை. இங்கு விதியை மீறியது கம்பைலர் அன்று, நிரல். உகப்பாக்கத்தை அணைத்திருந்தால் சோதனை தப்பியிருக்கும். தலைகீழான வரிசை அப்படியே கிடந்திருக்கும். அன்றியும், லினக்ஸ் கெர்னல் உகப்பாக்கத்தை நம்பியே எழுதப்பட்டது. அதை முற்றிலும் அணைத்து உருவாக்குவதை அது ஆதரிப்பதில்லை.

கம்பைலர் தவறே செய்யாதா? செய்யும். 2014 ஜூலையில் ஜிசிசி 4.9.0 பதிப்பின்மீது லினஸ் டோர்வால்ட்ஸ் குற்றஞ்சாட்டினார். அவர் வெறும் ஐயத்தை முன்வைக்கவில்லை. ஸ்டாக்கில் இடம் ஒதுக்கும் முன்னரே அங்கு மதிப்பை எழுதிய அசெம்பிளி வரியைச் சுட்டிக்காட்டினார். இடையில் ஒரு குறுக்கீடு நேர்ந்தால் அம்மதிப்பு அழியும். பழிக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சான்றுதான்.

மாணவரை மிரட்டும் பிழைச்செய்திகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். நிரலில் எங்குமே அழைக்காத 'மெம்காப்பி' காணப்படவில்லை என்று லிங்கர் சொல்கிறதா? நூலகமற்ற சூழலிலும் ஜிசிசி அச்செயற்கூற்றை எதிர்பார்க்கிறது. கெர்னல் எழுதுவோரே அதை வழங்க வேண்டும். 64 பிட் கெர்னல் காரணமின்றித் தடுமாறுகிறதா? ஸ்டாக்குக்குக் கீழேயுள்ள 128 பைட்டுகளை எவரும் தொடார் என்று கம்பைலர் நம்பியிருக்கலாம். கெர்னலில் நேரும் குறுக்கீடு அவற்றின்மேல் எழுதிவிடும். அந்த நம்பிக்கையைக் கைவிடுமாறு கம்பைலருக்குச் சொல்லியாக வேண்டும்.

பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்பது வழக்கமான மறுமொழி. திட்டமிடல் வழிமுறைகளைக் கரும்பலகையில் மனப்பாடம் செய்விக்க நேரமிருக்கும்போது, ஓர் அசெம்பிளிப் பட்டியலை வரிவரியாகப் படிக்க நேரமில்லாமற் போவது எங்ஙனம்? வாகன நிரல்களுக்கான மிஸ்ரா சி நெறிமுறைகள் 1998இலேயே வெளிவந்துவிட்டன. தொழிற்சாலை எழுத்தில் வகுத்த ஒழுங்கைப் பல்கலைக்கழகம் இன்னும் விருப்பப் பாடமாகக்கூட ஏற்கத் தயங்குவது வெட்கத்துக்குரியது.

ஆய்வக மதிப்பெண், கெர்னல் ஓடியதற்கு மட்டும் வழங்கப்படலாகாது. அது ஏன் ஓடவில்லை என்பதைப் பிழை மீண்டும் தோன்றும் மிகச்சிறிய நிரலாகச் சுருக்கி, இயந்திர மொழியைச் சான்றாகக் காட்டி நிறுவுபவர்க்கே பாதி மதிப்பெண் உரியது. காரணம் அறியாமல் ஓடவைத்த கெர்னல், அடுத்த கம்பைலர் பதிப்பு வரும்வரைதான் ஓடும்.