ரேடியோ திரையில் பாட்டு பேரைப் போட்டால் என்ன?

சென்னை, கிண்டியில் சிவப்பு விளக்கு விழுந்தது. கால் டாக்சிக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது எந்தப் படத்துப் பாட்டு?" என்று கேட்டார் பின் சீட்டில் இருந்த அம்மா.

"தெரியலைங்கம்மா. ஸ்டேஷன் பேர் மட்டும்தான் வருது" என்றார் டிரைவர்.

கைக்குட்டை அகலத்துக்குத் திரை. அதில் நிலையத்தின் பெயரும் ஒரு எண்ணும் மட்டும்! மீதி இடமெல்லாம் காலி. இதற்கா டிஜிட்டல் ரேடியோ?

அகில இந்திய வானொலி 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. சென்னையும் அதில் ஒன்று. அதைக் கேட்கும் ரேடியோ பல லட்சம் கார்களில் பொருத்தப்பட்டே வருகிறது. இந்த முறையில் ஒலியோடு எழுத்தையும் அனுப்பலாம். பாட்டு, படம், பாடியவர், அடுத்த நிகழ்ச்சி எல்லாம் திரையில் வரும். ஆனால் தானாக வராது. நிலையத்தில் யாராவது எழுதி ஏற்ற வேண்டும். அந்த வேலை நடக்காவிட்டால் திரை சும்மாதான் கிடக்கும்.

தமிழில் போட முடியுமா?

தாராளமாக முடியும். பழைய எஃப்.எம். முறையில் நிலையத்தின் பெயருக்கு 8 எழுத்துதான். அதுவும் ஆங்கில எழுத்து. டி.ஆர்.எம்.மில் அந்தக் கஷ்டம் இல்லை. தமிழ் நேராகவே போகும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு செய்திக்கு 128 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' போட்டால் 3, 'கு' போட்டால் 6. 'நேயர் விருப்பம்' என்றாலே 43 போய்விடும். ஆகவே வளவள என்று எழுதினால் பாதியில் அறுந்துவிடும். நாலு வார்த்தையில் சொல்லத் தெரிந்த ஆளை அந்த வேலையில் உட்கார வைக்க வேண்டும். எழுத்து ஓடாமல் நின்றால் இன்னும் நல்லது. ஓடும் எழுத்தைப் படிக்கப் போய் டிரைவர் முன்னால் போகிற பஸ்ஸில் மோதக்கூடாது!

புயல் வந்தால்?

பாட்டு பேர் தெரியாவிட்டால் யாருக்கும் குடி முழுகிவிடாது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறக்குமா? பல பகுதிகளில் கரண்ட் இல்லை, செல்போனும் செத்துப்போச்சு. அந்த மாதிரி ராத்திரியில் பேட்டரி ரேடியோதான் துணை. காது கேட்காதவர் என்ன செய்வார்? அவருக்குத் திரைதான் காது.

'புயல் எச்சரிக்கை: கடலுக்குப் போகாதீர்கள்'. இதற்கு 112 பைட்தான் ஆகிறது. 128-க்குள் தாராளமாக அடங்கும். ஆபத்து நேரத்தில் ரேடியோவைத் தானாகவே எச்சரிக்கை ஒலிபரப்புக்குத் திருப்பும் வசதியும் டி.ஆர்.எம்.மில் இருக்கிறது.

தினமும் பாட்டு பேரை ஒழுங்காகப் போட்டுப் பழகிய நிலையம்தான் புயல் அன்றைக்கும் தடுமாறாமல் எச்சரிக்கையைப் போடும். ஜனங்களுக்கும் திரையைப் பார்க்கும் பழக்கம் வரும். வருஷம் முழுக்கக் காலியாகக் கிடக்கும் திரையை ஆபத்து அன்றைக்கு யார் பார்ப்பார்கள்?

இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் அக்கறை போதும்.

வானொலி அதிகாரிகள் கவனிப்பார்களா?