மூட்டை கட்டிய தொண்டர்கள்

ஆப்பிரிக்காவிலே மலாவி என்று ஒரு சிறு தேசம். 1964-ல் சுதந்திரம் பெறும் வரையில் நியாஸாலாந்து என்று பெயர். சுமார் 580 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி அதன் கிழக்கே கடல்போல் விரிந்திருக்கிறது. மேனாட்டு வாலிபர்கள் முதுகில் மூட்டையுடன் அங்கே வந்து நீந்துகிறார்கள். (நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்ஸியா வியாதியும் சிலருடன் ஊர் திரும்புகிறது!) பிறகு இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் அடுக்கித் தொண்டு செய்கிறார்கள். அவ்வூரில் கொத்தனாரே இல்லையா என்று கேட்கிறோம். இருக்கிறார், வேலையின்றி வேடிக்கை பார்க்கிறார்!

எழுத்தாளர் பால் தெரூ 1963-ல் உபாத்தியாயராக அங்கே போனவர். ஏறக்குறைய இரண்டு வருஷம் தங்கினார். அந்நாட்டுப் பாஷையையும் கற்றார். அது வேறு விஷயம். இந்த வாலிபர்கள் விமானத்துக்குக் கொடுக்கும் சத்தம் கொத்தனாருக்கு எத்தனை மாதக் கூலியாகும் என்று யாரேனும் கணக்குப் பார்த்தார்களா?