நுரை அடங்கினால் போதுமா?

சென்ற ஞாயிறு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழு. கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியில் நுரை பொங்கி வழிகிறது என்று பேச்சு வந்தது. செயலாளர் தீர்வோடு வந்திருந்தார்: நுரையடக்கி மருந்து இரண்டு கேன். கார்பன் மாற்றும் செலவை இந்த வருஷமும் தள்ளிப்போடலாம், "மணல் ஃபில்டர்தான் இருக்கே சார்!" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. 31 வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு மனசு வரவில்லை. அங்கே பேச நேரம் தரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

சலவைத்தூளின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு ஆகாது; எண்ணெய், அழுக்கு, காற்றுக்குமிழ் என்று எதிலாவது ஒட்டத் தேடும். குமிழில் ஒட்டினால் நுரை. மருந்து ஊற்றினால் குமிழ் உடையும். சோப்பு எங்கே போகும்? தண்ணீரிலேயேதான் கிடக்கும். மெத்திலீன் நீலம் சேர்த்து, குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கினால் அடியில் நீலம் இறங்கும். அதுதான் எங்கள் சோதனை. நுரையே இல்லாத தண்ணீரிலும் அந்த நீலத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, மணல் பிடிக்காதா? சலவைத்தூளில் பெரும்பாலும் இருக்கும் எல்.ஏ.எஸ். எதிர்மின் தலை கொண்டது. தண்ணீரில் மணலின் மேற்பரப்பும் எதிர்மின்தான். இரண்டும் முறைத்துக்கொள்ளும். மணல் மண்டியைப் பிடிக்கும், கரைந்த சோப்பை விட்டுவிடும். கார்பன்தான் அந்த வாலைப் பற்றும். அதிலும் ஒட்டுகிற இடம் நிரம்பினால் கதை முடிந்தது. எங்கள் கார்பன் போட்டு நாலு வருஷம். இப்போது அது வெறும் கறுப்புச் சரளை.

உண்மையில் சோப்பைத் தின்று தீர்ப்பவை தொட்டியில் உள்ள பாக்டீரியாக்கள். அவற்றுக்கு ஓயாமல் காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் எல்.ஏ.எஸ். சேற்றில் ஒட்டிக்கொண்டு அநேகமாக அப்படியே கிடக்கும். நாமோ கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவு 10 மணிக்கு புளோயரை அணைக்கிறோம்! வேலை சரியாக நடக்கவில்லை என்று நுரை வந்து சொல்கிறது. நாம் சொன்னவன் வாயைப் பொத்துகிறோம்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் வந்தால், பெங்களூரின் கழிவு என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து திட்டுகிறோம். நம் தொட்டித் தண்ணீர் நம் தோட்டத்தில்தான் பாய்கிறது. பத்தடி தள்ளி நம் போர்வெல். குடிநீரில் இந்தச் சோப்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். நம் போர்வெல்லில் எவ்வளவு? யாரும் பார்த்ததில்லை.

செலவு இருக்கிறதுதான், மறுக்கவில்லை. முதலில் புளோயரை இரவும் ஓட்டுங்கள். ஒரு மாதம் கழித்துத் தண்ணீரைச் சோதியுங்கள். தேவைப்பட்டால் கார்பன் மாற்றுங்கள். அதற்கு என் பங்கை முன்பணமாகவே தருகிறேன். இரண்டு கேன் மருந்துக்கு மட்டும் என்னிடம் சந்தா கேட்டு வராதீர்கள்.