அயல்நாட்டில் ஹலால்: முத்திரையும் முகமும்

கோவையில் வளர்ந்த முஸ்லிம் ஒருவருக்கு ஹலால் என்பது காதால் அறிந்த சொல். கண்ணால் படித்த சொல் அன்று. கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் கறிக்கடைப் பலகைகளில் அச்சொல்லை நான் சிறுவயதில் கண்டதில்லை. அறுப்பவர் யார் என்பது தெரியும், அவருடைய தந்தை யார் என்பது தெரியும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எந்த வரிசையில் நிற்பார் என்பதும் தெரியும். அதற்குமேல் ஒரு சான்றிதழ் எதற்கு? இப்போது உணவகங்களின் கண்ணாடிக் கதவுகளில் பச்சை எழுத்தில் அச்சொல் ஒட்டப்பட்டிருக்கிறது. அது உள்ளூர்க்காரருக்காக ஒட்டப்பட்டதன்று, வெளியூரிலிருந்து வருபவருக்காக ஒட்டப்பட்டது என்றே எண்ணுகிறேன்.

கொங்கு நாட்டில் இந்த நம்பிக்கை முஸ்லிம்களுக்குள் மட்டும் அடங்கியதும் அன்று. கிடாவெட்டு விருந்துகளை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயை நாங்கள் உண்பதில்லை என்பது அழைக்கும் கவுண்டர் வீடுகளுக்குத் தெரியும். அத்தாவின் கூட்டாளிகள் வீட்டு விசேஷங்களில் பந்தியில் உட்காரும்போதே ஒருவர் குனிந்து, "மாமா, உங்களுக்குத் தனியா பாயை வெச்சு அறுத்திருக்குதுங்க, ரோசிக்காம சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒற்றை வாக்கியமே சான்றிதழ். அதில் கையொப்பம் இட்டவர் ஓர் இந்து. அதை ஐயுற்று எழுந்து போனவரை நான் கண்டதில்லை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் நாம் விமானம் ஏறுகிறோம். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரடியாகவே பறக்கலாம். திருப்பூர்ப் பனியன் வணிகரும் கோவைப் பம்புத் தொழிலதிபரும் பள்ளப்பட்டி வியாபாரியும் அங்கிருந்து இன்னும் தொலைவுக்குப் போகிறார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே முகம் மறைந்து குறியீடு வந்துவிடுகிறது. விமான நிறுவனங்களின் பட்டியலில் முஸ்லிம் உணவுக்கு 'எம்.ஓ.எம்.எல்.' என்ற நான்கு எழுத்துகள். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். சொல்ல மறந்தவர் ரொட்டியும் வெண்ணெயும் தின்றபடி மேகம் பார்த்துப் போகலாம்.

வெளிநாட்டில் ஹலால் உணவகம் தேடி அலைகிறவரைப் பற்றி நம்மிடையே ஒரு கேலி உண்டு. படித்த நண்பர்கள் மெல்லிய சிரிப்போடு அதைச் சொல்வார்கள்: 'உலகத்தைப் பார்க்கப் போனவன் தன் ஊர் வேலியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறான்.' இதற்கு நேர்மாறானதே உண்மை என்பது என் கருத்து. தேடுகிறவன்தான் ஊருக்குள் போகிறான். தேடாதவன் விடுதியின் அடித்தளத்தில் உள்ள உணவுக்கூடத்திலேயே காலையும் மாலையும் கழிக்கிறான்.

சீனத்தை எடுத்துக்கொள்வோம். 1957 முதல் குவாங்சோ நகரில் நடந்துவரும் காண்டன் கண்காட்சிக்கு இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் நம் பகுதி வணிகர்கள் போய்வருகிறார்கள். கண்காட்சி வளாகத்தைச் சுற்றியே இருப்பவருக்குக் கிடைப்பது உலகெங்கும் ஒரே சுவையுடைய பொரித்த கோழியும், எதனால் ஆனது என்று விளங்காத சாறுகளும்தான். ஹலால் தேடுகிறவனோ சந்துகளுக்குள் நுழைகிறான். அங்கே லான்ஜோ கைநூடுல்ஸ் கடை இருக்கும். மாவை இரு கைகளால் இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்து, நூலாகப் பிரித்துக் கொதிநீரில் எறியும் இளைஞர், தொலைதூரச் சிங்ஹாய் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்த ஹூய் அல்லது சாலார் இனத்து முஸ்லிமாக இருக்கக்கூடும். அவருக்கும் நமக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றதும் அவர் முகத்தில் எழும் மலர்ச்சியைக் கண்டவர்கள், வேலி என்ற சொல்லை மறுபடி எடுக்கமாட்டார்கள். அதே நகரில்தான் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் இருக்கிறது. கலங்கரைவிளக்கம்போல் நெட்டையாக நிற்கும் அதன் கோபுரம், அரபு வணிகர்களின் கப்பல்கள் முத்தாற்றில் வந்துபோன காலத்தை நினைவூட்டுவது. ஒரு வேளைச் சோற்றைத் தேடிப் போனவர் அதன் வாசலில் போய் நிற்பது அடிக்கடி நிகழ்வதுதான்.

சீனக் கடைகளில் பார்க்கவேண்டிய சொல் 'சிங்ஜென்'. தூய்மை, மெய்ம்மை என்ற பொருளுடைய இரண்டு சித்திர எழுத்துகள். முதல் எழுத்தின் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள் இருக்கும். புறப்படுமுன் அவ்விரண்டையும் ஒரு தாளில் பத்து முறை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. அரபு எழுத்தை மட்டும் நம்பிப் போவது இப்போது உதவாது. 2019இல் பீஜிங்கின் ஹலால் கடைகள் பலகையிலிருந்து அரபு எழுத்தையும் இஸ்லாமிய அடையாளங்களையும் நீக்கும்படி அதிகாரிகள் பணித்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பலகையை மறைக்கலாம், அடுப்புக்குப் பின்னால் நிற்பவரின் வெள்ளைத் தொப்பி பலகைக்கு முன்பே கண்ணில் படுகிறது.

ஹாங்காங்கில் வான்சாய் பகுதியில் உள்ள இஸ்லாமிய மையத்தின் ஐந்தாம் மாடிச் சிற்றுண்டிச்சாலையையும் சொல்லவேண்டும். கீழே அம்மார் பள்ளிவாசல், மேலே மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும் டிம்சம். கண்டோனிய உணவின் உயிர்நாடி பன்றியிறைச்சி என்று எண்ணியிருப்பவர் அங்கே ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். பள்ளிவாசலைத் தேடு, அதன் நிழலில் சோறு இருக்கும் என்பது பழைய பயணிகளின் வழி. இன்றும் அதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

மலேசியாவில் இந்த அலைச்சல் கிடையாது. அங்கே 1970களிலேயே அரசு ஹலால் உறுதிக்கடிதம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இப்போது ஜாக்கிம் என்ற துறையின் முத்திரை நாடெங்கும் செல்லும். சிங்கப்பூரில் முயிஸ் என்ற இஸ்லாமியச் சமய மன்றம் 1978 முதல் சான்றளித்து வருகிறது. பயணிக்கு இவை பெரிய நிம்மதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் முத்திரை எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடும் என்று கொள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கொங்குப் பகுதி ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். மலாய் முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபினர். நம் சட்டவழியில் கடலுயிர்களில் மீனுக்கு மட்டுமே அனுமதி. இறாலைப் பற்றி ஹனஃபி அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்துகள். நண்டும் கணவாயும் கூடாதவை. ஷாஃபி வழியில் இவற்றுக்குத் தடையில்லை. ஆகவே பினாங்கில் அரசு முத்திரை பெற்ற கடையில் முத்திரை பெற்ற நண்டுக்குழம்பு, கோவை ராவுத்தருக்கு ஆகாததாகவே இருக்கிறது. (கடலே இல்லாத ஊரில் பிறந்த நமக்கு இந்தச் சட்டநுணுக்கம் அயல்நாடு போய்த்தான் நினைவுக்கு வருகிறது என்பது வேடிக்கை.) அப்போது என்ன செய்வது? பரிமாறுபவரைக் கூப்பிட்டு, எந்தக் குழம்பில் எது இருக்கிறது என்று கேட்கவேண்டியதுதான். பினாங்கில் தமிழிலேயே கேட்கலாம். தோளில் காவடிபோல் தண்டு சுமந்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் வழியில் வந்ததே அங்குள்ள 'நாசி கண்டார்'. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது. அதற்கும் முந்தையது, 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ஆக, முத்திரை நிறைந்த நாட்டிலும் கடைசியில் ஒரு மனிதரிடம்தான் கேட்கிறோம்.

சிங்கப்பூரில் 'பன்றியிறைச்சி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை' என்று சில கடைகள் எழுதி வைத்திருக்கும். நம்மவர்கள் பலர் அதைக் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது ஹலால் என்ற வாக்குறுதி அன்று. கோழி எப்படி அறுபட்டது என்பதை அது சொல்லவில்லை, சமையலில் மது சேர்ந்ததா என்பதையும் சொல்லவில்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை, படிப்பவர்தான் எழுதாததையும் சேர்த்துப் படிக்கிறார். பிரிட்டனில் சிக்கல் வேறு விதமானது. அங்கே முத்திரைகளே ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. 1994இல் தோன்றிய ஒரு சான்றமைப்பு, அறுப்பதற்கு முன் உயிருக்குக் கேடில்லாத வகையில் விலங்கை மயக்குவதை ஏற்கிறது. 2003இல் தோன்றிய மற்றொன்று ஏற்பதில்லை. பெல்ஜியத்தின் இரு பகுதிகளில் 2019இல் மயக்காமல் அறுப்பதற்கே தடை வந்துவிட்டது. விலங்கின் வேதனையைக் குறைப்பது பற்றிய விவாதம் நேர்மையானதுதான், அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் லண்டன் கடையொன்றில் ஒரு முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு மனநிறைவோடு உட்காரும் கோவைக்காரர், தம் கேள்விக்கு யார் விடையளித்தார் என்று அறியாமலேயே சாப்பிடுகிறார்.

இவ்வளவு சொல்லியபின், முத்திரைக்கு எதிராக எழுதுகிறேன் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. முகத்தைப் பார்த்து நம்பும் வழி கறிக்குப் பொருந்தும். தொழிற்சாலைப் பண்டத்துக்குப் பொருந்தாது. ஜப்பானில் சோற்றுக்கு மேல் ஊற்றும் சாற்றில் மிரின் என்ற அரிசிமது கலந்திருக்கலாம். சோயாச் சாற்றிலேயே சாராயம் சேர்ப்பதும் உண்டு. ஒரு மிட்டாயின் வழுவழுப்பு எந்த விலங்கின் எலும்பிலிருந்து வந்த ஜெலட்டின் என்பதை விற்பவரும் அறியார். பிஸ்கட் உறையில் 'ஈ 471' என்றிருந்தால் அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். அங்கே யார் முகத்தைப் பார்த்து நம்புவது? பொருளைச் செய்தவர் ஆயிரம் மைல் தொலைவில் இருக்கிறார். அங்கே முத்திரை ஆடம்பரம் அன்று, ஒரே வழி.

அதனால்தான் நம் நாட்டில் நடந்த ஒன்று மனத்தை உறுத்துகிறது. 2023 நவம்பர் 18 அன்று உத்தரப் பிரதேச அரசு, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களின் உற்பத்தியையும் விற்பனையையும் தன் மாநிலத்தில் தடைசெய்தது. தனியார் அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று வழங்குகின்றன, இதனால் குழப்பம் விளைகிறது என்று காரணம் கூறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டணத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் ஒழுங்குபடுத்தட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பாலுக்கும் சர்க்கரைக்கும்கூட ஹலால் முத்திரை குத்துவது மிகை என்றால், ஆம், மிகைதான். ஆனால் ஏற்றுமதிக்கு மட்டும் அத்தடையிலிருந்து விலக்கு. கப்பலேறும் பெட்டியில் முத்திரை இருக்கலாம், உள்ளூர்க் கடையின் அலமாரியில் இருக்கக்கூடாது. துபாயில் வாங்குபவனுக்குச் சொல்லத்தக்க செய்தி லக்னோவில் வாங்குபவளுக்குச் சொல்லத் தகாததாகிவிட்டது.

உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப்புள்ளி இடவேண்டும் என்ற விதி 2001 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அது நல்ல விதி. கோவையில் அன்னபூர்ணாவைத் தவிர வேறெங்கும் கைநனைக்காத சைவர்களையும், வெங்காயம் பூண்டு தொடாத சமண வணிகர்களையும் நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் ஐரோப்பாவுக்குப் போகும்போது பெட்டி நிறையப் பருப்புப்பொடியும் இட்லிப்பொடியும் கொண்டுபோவதை யாரும் வேலி என்று சொல்வதில்லை. மரபு என்கிறோம், கட்டுப்பாடு என்று பாராட்டுகிறோம். அவர்கள் கேட்பதும் இவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: இந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை எனக்குச் சொல்லிவிடுங்கள், உண்பதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அயல்நாட்டில் இவ்விரு தரப்பாரும் ஒரே தொழிலுக்காகச் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டு வணிகம் செய்யும் கவுண்டரும் ராவுத்தரும் குவாங்சோவில் ஒரே மேசையில் அமர்வது எளிதன்று. லான்ஜோ கடையின் சாறு மாட்டெலும்புச் சாறு. ராவுத்தருக்கு விருந்தாக இருப்பது கவுண்டருக்கு ஆகாது. மற்றக் கடைகளில் கவுண்டர் கோழி தின்பார், ராவுத்தர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் பொருந்துவது பௌத்தச் சைவ உணவகம். புலாலும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது, சமண நண்பர் உடன் வந்திருந்தால் அவருக்கும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. சமையலில் மது சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் அகப்படாத நாள்களில் லான்ஜோ கடைக்கே இருவரும் போகலாம். அங்கே தக்காளியும் முட்டையும் வதக்கிச் சோற்றின்மேல் இட்டுத் தரும் ஓர் எளிய உணவு உண்டு. மாட்டுச்சாறு சேர்க்காமல் கொடுங்கள் என்று கைபேசியில் சீனமொழியில் எழுதிக் காட்டினால் அடுப்படி இளைஞர் தலையசைப்பார். காரம் போதாது. திருப்பூரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியை அந்தச் சோற்றில் கலந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.